டேங்க் காலியாகும் வரை கார் ஓட்டலாமா? கேள்வி பதில்

கார் மெக்கானிக்காக வேலை பார்க்கிறேன். எரிபொருளைக் கடைசி வரை ஓட்டித் தீர்க்கும் பழக்கம் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: சார், ரிசர்வ் லைட் எரிந்த பிறகு எவ்வளவு தூரம் போகலாம்?

முதலில் ஒன்று. பழைய பைக்குகளில் இருப்பது போலத் திருப்பிவிடும் ரிசர்வ் காரில் கிடையாது. அந்த லைட் வெறும் எச்சரிக்கைதான். பெரும்பாலான சிறிய கார்களில் அது எரியும்போது டேங்கில் 5 முதல் 8 லிட்டர் வரை இருக்கும். உங்கள் காருக்கு எவ்வளவு என்று கூடவே வந்த கையேட்டில் போட்டிருப்பார்கள், பாருங்கள். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் காரில் 5 லிட்டர் இருந்தால் கணக்குப்படி 75 கிலோமீட்டர் வரும். ஆனால் அதை நம்பிக் கிளம்பாதீர்கள். ஏசி, நெரிசல், மேடு எல்லாம் சேர்ந்தால் கணக்கு எங்கேயோ போய்விடும்.

கேள்வி: டிஸ்பிளேயில் இன்னும் 60 கிலோமீட்டர் என்று காட்டுகிறதே, அதையாவது நம்பலாமா?

அது நீங்கள் கொஞ்ச நேரம் முன்பு வரை எப்படி ஓட்டினீர்களோ, அந்த மைலேஜை வைத்துப் போடும் கணக்கு. நெடுஞ்சாலையில் சீராக வந்து ஊர் நெரிசலுக்குள் நுழைந்தால் எண் மளமளவென்று இறங்கும். டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்பதையும் ஒரு மிதவைதான் சொல்கிறது. வண்டி சரிவில் நின்றால் எரிபொருள் ஒரு பக்கம் ஒதுங்கும், மிதவையும் ஏமாந்துவிடும்.

கேள்வி: அண்ணா, டேங்க் குறைவாக இருந்தால் ஃபியூவல் பம்ப் எரிந்துவிடும் என்று பயமுறுத்துகிறார்கள். உண்மையா?

பாதி உண்மை. ஆனால் அந்தப் பாதி முக்கியமானது.

இன்றைய பெட்ரோல் கார்களில் பம்ப் டேங்குக்கு உள்ளேயே இருக்கிறது. அது ஒரு மின் மோட்டார். பெட்ரோல் அந்த மோட்டாருக்குள்ளேயே புகுந்துதான் மேலே போகிறது. போகிற வழியில் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது, உராய்வையும் குறைக்கிறது. பெட்ரோலுக்குப் பதில் காற்றை இழுத்தால் இரண்டும் நின்றுபோகும்.

இது தெரிந்துதான் பம்பைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் கிண்ணம் வைத்திருக்கிறார்கள். டேங்கில் மட்டம் இறங்கினாலும் அந்தக் கிண்ணத்தில் கொஞ்சம் பெட்ரோல் நிற்கும். அதனால் ஒரு நாள் லைட் எரிந்ததும் பம்ப் போய்விட்டது என்று பதற வேண்டாம். ஆனால் தினமும் அடிமட்டத்திலேயே ஓட்டினால், வளைவிலும் மேட்டிலும் பெட்ரோல் ஒதுங்கும்போது பம்ப் அடிக்கடி காற்றைக் குடிக்கும். இப்படித் தேய்ந்த பம்பு பல நேரம் முழுசாக நிற்பதற்கு முன்பே குரல் கொடுக்கும்: சாவியைப் போட்டதும் பின்சீட்டுப் பக்கமிருந்து மெல்லிய ‘ங்ஙீ’ என்ற சத்தம் வழக்கத்தைவிடக் கூர்மையாகக் கேட்கலாம், மேட்டில் ஆக்சிலரேட்டர் கொடுத்தால் வண்டி திணறலாம். அந்தக் கட்டத்திலேயே காட்டிவிடுங்கள். கால் டேங்குக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இந்தப் பம்புக்காகத்தான்.

கேள்வி: மின் மோட்டார் பெட்ரோலுக்குள் இருந்தால் தீப்பிடிக்காதா?

பிடிக்காது. எரிய ஆக்சிஜன் வேண்டும். டேங்குக்குள் பெட்ரோல் ஆவிதான் நிறைந்திருக்கும், எரியும் அளவுக்குக் காற்று கலந்திருக்காது.

கேள்வி: அடியில் தங்கிய கசடு இன்ஜினுக்குப் போய்விடுமே?

பம்ப் எப்போதுமே அடியிலிருந்துதான் உறிஞ்சுகிறது, டேங்க் நிறைந்திருந்தாலும் சரி. கசடைப் பிடிக்க அதன் வாயில் வலை இருக்கிறது. அதனால் இதை நான் பெரிய காரணமாகச் சொல்ல மாட்டேன்.

கேள்வி: பாதி டேங்க் மட்டும் போட்டால் எடை குறைந்து மைலேஜ் கூடுமா?

பெட்ரோல் லிட்டருக்குச் சுமார் முக்கால் கிலோ. 20 லிட்டர் குறைத்தால் 15 கிலோ மிச்சம். டிக்கியில் கிடக்கும் வேண்டாத சாமானை இறக்கினாலே அந்த எடை குறைந்துவிடும்.

கேள்வி: என்னுடையது டீசல் வண்டி. ஒரு முறை காலியாகி நின்றது. டீசல் ஊற்றியும் ஸ்டார்ட் ஆகவில்லை. ஏன்?

ஏர் பிடித்துவிட்டது. லைனுக்குள் காற்று புகுந்தால் பம்பால் அழுத்தம் ஏற்ற முடியாது. ஃபில்டர் பக்கம் கையால் அழுத்தும் பம்ப் இருந்தால், அது இறுகும் வரை அழுத்தி ஏரை எடுக்க வேண்டும். இல்லாத வண்டியில் அதற்கென்று தனி முறை இருக்கும், தெரிந்தவரிடம் விடுங்கள். விடாமல் செல்ஃப் அடித்தால் பேட்டரியும் ஸ்டார்ட்டரும் போவதுதான் மிச்சம். இன்னொன்று, காமன் ரெயில் டீசலில், அதாவது உயர் அழுத்தத்தில் டீசலை ஒரே குழாயில் தேக்கிக் கொடுக்கும் இன்ஜினில், உயர் அழுத்த பம்புக்கு டீசல்தான் உயவு. வறண்டு ஓடினால் அது உராய்ந்து உலோகத் துகள், இன்ஜினுக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் வரை போகும். பெட்ரோல் காரைவிட டீசல் காரில் நான் கண்டிப்பாக இருப்பது இதனால்தான்.

கேள்வி: சி.என்.ஜி.யில்தான் ஓட்டுகிறேன். பெட்ரோல் டேங்க் காலியாக இருந்தால் என்ன?

பல கார்கள் பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி, சூடான பிறகுதான் கேஸுக்கு மாறும். கேஸில் ஓடும்போதும் பெட்ரோல் பம்ப் சுற்றிக்கொண்டே இருக்கும் வண்டிகளும் உண்டு. கால் டேங்க் பெட்ரோல் எப்போதும் இருக்கட்டும். அவ்வப்போது பெட்ரோலிலும் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள்.

கேள்வி: ஓடிக்கொண்டிருக்கும்போதே தீர்ந்துவிட்டால் என்ன செய்வது?

வண்டி வெட்டி வெட்டி இழுக்கும்போதே இண்டிகேட்டர் போட்டு ஓரத்துக்கு வாருங்கள். இன்ஜின் நின்றதும் ஸ்டீயரிங் கனக்கும். பிரேக் ஓரிரு முறை வழக்கம்போல் பிடிக்கும், பிறகு கட்டையாகிவிடும். அதனால் விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்துங்கள். வண்டி முழுசாக நிற்கும் வரை சாவியை உருவக் கூடாது, ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்.

பெட்ரோல் வாங்கி வந்தால் ஒரு லிட்டரோடு நிறுத்தாமல் 5 லிட்டராவது ஊற்றுங்கள், சரிவில் நின்றால் கொஞ்சம் ஊற்றியது பம்புக்கு எட்டாது. அப்புறம் ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, சில விநாடி விட்டு ஆஃப் செய்யுங்கள். இப்படி மூன்று நான்கு முறை செய்தால் லைன் நிறைந்துவிடும். ஸ்டார்ட் ஆன பிறகும் செக் இன்ஜின் லைட் மின்னிக்கொண்டே இருந்தால் ஓட்ட வேண்டாம். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும். ஸ்கேன் செய்து பார்த்த பிறகு எடுங்கள்.