வழிபாட்டுக் கூடத்தில் ஸ்பீக்கர் கூட்டியும் பேச்சு புரியவில்லை, என்ன செய்வது?

20 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம், 8 மீட்டர் உயரம், கல் தரை, பூசிய சுவர். பாட்டு கேட்க நிறைவாக இருக்கிறது, ஆனால் உரை மட்டும் பின்வரிசையில் புரியவில்லை, புது ஸ்பீக்கர்கள் போட்டு சத்தத்தைக் கூட்டியும் அப்படியே இருக்கிறது என்கிறீர்கள். ஒலியமைப்பு வேலையில் இருப்பவன் என்ற முறையில் முதலில் ஒன்று சொல்கிறேன்: இனி சத்தத்தைக் கூட்டாதீர்கள். குரலைக் கூட்டினால் அதன் எதிர்முழக்கமும் அதே அளவு கூடும்.

பேசும்போது நொடிக்கு நாலைந்து அசைகள் வருகின்றன. உங்கள் கூடத்தைப் போன்ற கல் கூடத்தில் ஒலி அடங்க 4 நொடி ஆவது சாதாரணம். அதாவது 'பாடம்' என்று சொன்னால் 'பா'வின் நெடில் இன்னும் சுவர்களில் மோதிக்கொண்டிருக்க, அதன் மேல்தான் மெலிந்த 'ட' வந்து விழுகிறது. கேட்பவருக்கு அது பாதமா, பாவமா, பாடமா என்று பிடிபடாது. உயிரொலி வலுவானது, மெய்யொலி மெலிது. கூடம் விழுங்குவது மெய்யொலியைத்தான். பாட்டில் ஒரே சுரம் நீண்டு நிற்பதால் இந்தச் சிக்கல் இல்லை, அங்கே நீடிப்பு அழகு சேர்க்கிறது. இஸ்தான்புல்லின் பழம்பெரும் வழிபாட்டுத் தலமான ஹாகியா சோபியாவில் ஒலி அடங்க 10 நொடிக்கு மேல் ஆகும். கூட்டாக ஓதும் குரலுக்கு அதைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது. அதனால் உங்கள் கூடத்தின் நீடிப்பை முழுக்கக் கொன்றுவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எவ்வளவு குறைப்பது? இதற்கு வழி காட்டியவர் அமெரிக்க இயற்பியலாளர் வாலஸ் சபைன். 1895-இல் ஹார்வர்டில் பேச்சே புரியாத ஒரு விரிவுரை அறையைச் சரிசெய்யச் சொன்னார்கள். பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கிவந்து பரப்பி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்து பார்த்தார். அதிலிருந்து பிறந்த சூத்திரம் எளிது: கன அளவை 0.161-ஆல் பெருக்கி, ஒலியுறிஞ்சும் பரப்பால் (விழும் ஒலி முழுவதையும் விழுங்கும் பரப்பாகக் கணக்கிட்டது) வகுத்தால் நேரம் கிடைக்கும். உங்கள் 1920 கன மீட்டரில் 4 நொடி என்றால் இப்போது உறிஞ்சுவது சுமார் 77 சதுர மீட்டர். உரைக்கும் பாட்டுக்கும் பொதுவாக 1.8 நொடி வேண்டுமென்றால் 172 தேவை. உட்கார்ந்திருக்கும் ஒருவர் ஏறக்குறைய அரை சதுர மீட்டர் உறிஞ்சுவார். அப்படியானால் 150 பேர் வந்தாலே அந்தப் பற்றாக்குறையில் பெரும்பகுதி நிரம்பிவிடும். ஆள் இல்லாத கூடத்தில் அளந்துவிட்டு மெத்தைப் பலகைகளாக வாங்கிக் குவிக்க வேண்டாம் என்பது இதனால்தான். எந்த நாளில் எத்தனை பேர் வருகிறார்கள் என்று முதலில் கணக்கெடுங்கள்.

மீதியைப் பின்சுவரிலும் பக்கச்சுவர்களின் மேல்பாதியிலும் வையுங்கள். 10 செ.மீ. தடிமனுள்ள கனிமக் கம்பளியும் அதன்மேல் துளையிட்ட பலகையும் போதும். மெல்லிய கம்பளத்தைத் தரையில் விரிப்பது பலரும் செய்வது. அது உச்ச அதிர்வெண்களை மட்டும் தின்னும், கீழ்சுரம் முழங்கிக்கொண்டே இருக்கும். மெய்யொலிகள் இருப்பதே உச்சத்தில் என்பதால் பேச்சு இன்னும் மங்கிவிடும். முட்டை அட்டை ஒட்டுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

அப்புறம் ஸ்பீக்கர்கள். லண்டன் புனித பால் பேராலயத்தில் நீடிப்பு 11 நொடி அளவு. 1950-களின் தொடக்கத்தில் அங்கே குவிமாடத்தைத் தொடாமலேயே, தூண் போல நெட்டையான 'காலம்' (column) ஸ்பீக்கர்களையும், ஒலியைச் சற்றுப் பிந்தி அனுப்பும் தாமதக் கருவியையும் வைத்துப் பேச்சைப் புரிய வைத்தார்கள். இந்தத் தூண் ஸ்பீக்கர் ஒலியைப் பக்கவாட்டில் விரித்து, மேல்கீழாகக் குறுக்கி அனுப்பும். ஒலி கூரைக்குப் போகாமல் ஆட்களின் காதுக்குப் போகும், அங்கேயே உடையிலும் உடம்பிலும் அடங்கிவிடும். பின்பகுதிக்கு 15 மீட்டர் தள்ளி இன்னொரு ஜோடி வைத்தால் அதற்குச் சுமார் 44 மில்லிநொடி தாமதம் கொடுத்து, மேலே 10 சேருங்கள். குரல் முன்னாலிருந்து வருவதாகவே தோன்றும். பேசுபவர் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளவும் பழக்குங்கள்.

சரி, சோதிப்பது எப்படி? ஒருவர் முன்னால் நின்று, தொடர்பில்லாத சொற்களை ஒவ்வொன்றாக வாசிக்கட்டும். முன்கூட்டியே பட்டியலைப் பார்க்காத சிலர் பின்வரிசையிலும் தூண் மறைவிலும் உட்கார்ந்து எழுதட்டும். வாக்கியமாக வாசித்தால் மனம் விட்டதை இட்டு நிரப்பிவிடும், அதனால் தனிச்சொல் முக்கியம். கூட்டம் இருக்கும் நாளில் ஒருமுறை, இல்லாத நாளில் ஒருமுறை செய்து, எந்த இருக்கையில் எந்தச் சொல் தவறியது என்று குறித்துக்கொண்டு அதன்பிறகு பலகை வாங்கப் போங்கள்.