அடிபட்ட விமானத்தின் கட்டுப்பாடு: வாசகர் கேள்விகள்

கேள்வி: எண்ணெய் அழுத்தத்தால் விமானத்தைத் திருப்பும் பரப்புகளை அசைக்கும் ஹைட்ராலிக் அமைப்புகள் மூன்று இருக்கும்போது, விமானத்தின் நிலைக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் தகவமைப்புக் கட்டுப்பாடு எதற்கு?

பதில்: 1989இல் அமெரிக்காவின் சூ சிட்டியில் விழுந்த டிசி-10 விமானத்திலும் மூன்று இருந்தன. வால் எஞ்சினின் விசிறித் தட்டு சிதறியதும் மூன்றும் செயலிழந்தன. மாற்று அமைப்பு அதே வேலையைச் செய்யும் இன்னொரு கருவி மட்டுமே. தகவமைப்போ, விமானம் மாறிவிட்டதை ஏற்று, எஞ்சிய பரப்புகளுக்கு (இறக்கையிலும் வாலிலும் அசையும் பலகைகளுக்கு) வேலையைப் பிரித்துத் தருகிறது.

கேள்வி: அன்று 184 பேரைக் காப்பாற்றியது கணினிதானே?

பதில்: இல்லை. விபத்து அறிக்கையைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கலாம். எஞ்சிய இரண்டு எஞ்சின்களின் விசையை விமானிகள் கையாலேயே கூட்டிக் குறைத்தார்கள். அதே வேலையைக் கணினியிடம் ஒப்படைத்து, நாசா 1993இல் எஃப்-15 போர் விமானத்தையும் 1995இல் எம்டி-11 பயணிகள் விமானத்தையும் தரையிறக்கியது.

கேள்வி: ஓர் இறக்கை போனாலும் மென்பொருள் சமாளிக்குமா?

பதில்: மென்பொருள் தூக்குவிசையை உண்டாக்காது, இருப்பதைப் பங்கிடும். 1983இல் வலது இறக்கையை ஏறக்குறைய முழுதாக இழந்த இஸ்ரேலிய எஃப்-15 தப்பியது, அதன் அகன்ற உடலும் வழக்கமான தரையிறங்கும் வேகத்தைப் போல் இரு மடங்கு வேகமும் தாங்கியதால்.

கேள்வி: சோதனையில் வென்ற முறையைப் பயணிகள் விமானத்தில் பொருத்தத் தயங்குவது பழமைவாதம் அல்லவா?

பதில்: இந்தக் குற்றச்சாட்டைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. எக்ஸ்-15 என்ற அமெரிக்க ராக்கெட் ஆய்வு விமானங்களில் மூன்றாவதில் இருந்த தகவமைப்புக் கருவி, அலைவு தொடங்கும் விளிம்புவரை பெருக்கத்தை, அதாவது ஒரு விலகலுக்கு எவ்வளவு கடுமையாக எதிர்வினை செய்வது என்ற அளவை, உயர்த்தி அங்கேயே வைத்திருக்கும்படி அமைக்கப்பட்டிருந்தது. 1967 நவம்பர் 15 அன்று, சுமார் 80 கி.மீ. உயரம்வரை சென்ற அந்த விமானம் திசை விலகிச் சுழலில் சிக்கியது. விமானி மைக்கேல் ஆடம்ஸ் சுழலிலிருந்து மீண்டபோதும், குறைய வேண்டிய பெருக்கம் குறையாமல் அலைவு வளர்ந்து, விமானம் உடைந்து அவர் உயிரிழந்தார். தொடக்கக் காரணம் கருவி மட்டும் அன்று என்றாலும், மீளும் வழியை அடைத்தது அதுவே. பரப்பை அசைக்கும் கருவியான ஆக்சுவேட்டர் தன் வேக எல்லையைத் தொட்டுவிட்டால், பரப்பு கேட்ட வேகத்தில் அசையாததைச் சேதம் என்று தவறாகப் புரிந்துகொண்டு மேலும் கடுமையாக ஆணையிடும் கட்டுப்பாட்டு விதிகளை எளிதாக எழுதிவிடலாம். மாறாத விதியை ஒவ்வொரு வேகத்துக்கும் உயரத்துக்கும் சரிபார்த்துச் சான்று தரலாம். பறக்கும்போதே தன்னை மாற்றிக்கொள்ளும் விதிக்கு அப்படிச் சான்று தருவது கடினம். தயங்குபவர்கள் கேட்பது அந்தச் சான்றைத்தான்.

கேள்வி: தரவிலிருந்து தானே கற்கும் மென்பொருளான நியூரல் நெட்வொர்க்கைச் சேர்த்தால் போதுமா?

பதில்: போதாது. முன்பே சொன்னதுதான்: எஞ்சிய விசைக்கு மேல் எதுவும் கைகொடுக்காது.

கேள்வி: சேதத்தைக் கணினி சரிக்கட்டிவிட்டால் விமானிக்குத் தெரிவிக்க வேண்டுமா?

பதில்: கட்டாயம். சேதம் மறைக்கப்பட்டால் அவர் வழக்கமான வேகத்துக்குக் குறைப்பார்; கட்டுப்பாடு அங்கேதான் கைவிட்டுப் போகும். எந்தப் பரப்பில் எவ்வளவு அசைவு மீதமிருக்கிறது என்பது திரையில் தெரிய வேண்டும். தரையிறங்கும் வேகத்தில் விமானம் கட்டுக்குள் நிற்கிறதா என்பதையும் போதிய உயரம் இருக்கும்போதே அவர் சோதித்துவிட வேண்டும்.