90 யூரோ கோண்டோலா: வெனிஸில் எங்கே செலவழிக்கலாம், எங்கே மிச்சம் பிடிக்கலாம்

வணக்கம். வெனிஸை ஒட்டிய நிலப்பகுதியான மெஸ்த்ரேயில் அறை, கையில் மூன்று நாள், மனைவிக்குக் கோண்டோலா என்னும் துடுப்புப் படகில் போக ஆசை, 90 யூரோ கொடுக்க உங்களுக்கு மனமில்லை என்று எழுதியிருந்தீர்கள்.

முதலில், அந்த 90 ஆளுக்கல்ல, படகுக்கு. அரை மணி நேரம், ஐந்து பேர் வரை ஏறலாம். இரவு ஏழுக்கு மேல் 110. படகுத்துறையில் இன்னொரு ஜோடி கிடைத்தால் பாதியாகிவிடும். அதுவும் அதிகமென்றால் சாந்தா சோஃபியா துறையிலிருந்து ரியால்டோ சந்தைக்கு ‘திராகெத்தோ’ என்ற அக்கரைப் படகு இருக்கிறது. அதுவும் கோண்டோலா வகைதான். ஊரின் நடுவே ஓடும் பெருங்கால்வாயைக் கடக்க ஆளுக்கு 2 யூரோ. ஆனால் சில நிமிடங்களில் கரை வந்துவிடும். உங்கள் மனைவி வெகுநாளாக ஆசைப்பட்டது என்றால் என் வோட்டு முழுச் சவாரிக்கே. வேறு இடத்தில் மிச்சம் பிடியுங்கள்.

உதாரணமாக, பஸ் போல ஓடும் பொதுப் படகுகளுக்கான மூன்று நாள் பாஸ் வேண்டவே வேண்டாம். ஊரை நடந்தே பார்த்துவிடலாம். 25 யூரோவின் 24 மணி நேர பாஸ் ஆளுக்கு ஒன்று போதும். அதை ஒரு மாலையில் தொடங்குங்கள். விளக்கு ஏற்றும் நேரத்தில் 1ஆம் எண் படகில் பெருங்கால்வாய் முழுக்கப் போங்கள், அந்த அழகைச் சொல்லி மாளாது. மறுநாள் அதே பாஸில் முரானோ, புரானோ தீவுகள்.

சாப்பாட்டுக்குக் கன்னரேஜோ பகுதியில் ‘பாக்கரோ’ எனும் சிறு மதுக்கடைகளில் நின்றபடியே சிக்கெத்தி என்ற சிறு தீனிகளைச் சாப்பிடுங்கள். சான் மார்கோ சதுக்கத்தில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டால் அபராதம்.

சில நாட்களில் பகலில் மட்டும் வந்துபோவோரிடம் வெனிஸ் வாங்கும் நுழைவுக் கட்டணம், மெஸ்த்ரேயில் தங்குவோருக்கு இல்லை. ஆனால் கட்டண நாட்களில் விலக்குக்கு முன்பே இணையத்தில் பதிந்துவிடுங்கள்.