சிலைகளை மட்டுமே வரையும் மகள்: கலர் இல்லாவிட்டால் வேலை கிடைக்குமா?

"லீவு நாள் வந்தால் பூங்காவில் போய் உட்கார்ந்து அங்கிருக்கும் சிலையையே வரைகிறாள். கலரைத் தொடுவதே இல்லை. இதை வைத்து என்ன பிழைப்பு?" என்று கேட்டிருக்கிறீர்கள். நல்லவேளை, அவளுடைய ஸ்கெட்ச் நோட்டிலிருந்து எட்டுப் பக்கங்களையும் அனுப்பியிருந்தீர்கள். கடிதத்தைவிட அவைதான் அதிகம் பேசின.

நான்காவது பக்கத்தைப் பாருங்கள், வெண்கலத் தலை. மோவாய்க்குக் கீழே முழு இருட்டாகத் தீட்டாமல் லேசாக ஒரு வெளிச்சத்தை விட்டுவைத்திருக்கிறாள். வெயில் தரையில் பட்டு மேலே எதிரொளிக்கும் வெளிச்சம் அது. யாரும் சொல்லித்தராமல் இதைக் கண்டுபிடித்திருந்தால் அவளுக்குப் பார்க்கத் தெரிகிறது என்று அர்த்தம். வரையும் கையைப் பழக்கிவிடலாம், பார்க்கும் கண்ணைப் பழக்குவதுதான் கஷ்டம்.

கலர் வராதோ என்ற பயம் வேண்டாம். வண்ணப் புள்ளிகளாலேயே ஓவியம் தீட்டிப் பெயர் வாங்கிய பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் சூரா, அதற்கு முன் வருடக்கணக்கில் கான்டே என்னும் கறுப்பு வரைகுச்சியால்தான் வரைந்துகொண்டிருந்தார். 1883ல் பாரிஸ் சலோன் கண்காட்சியில் முதன்முதலாக இடம்பெற்ற அவருடைய படைப்பும் கறுப்பு வெள்ளைதான். எது எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு இருட்டு என்று பிடிபட்டுவிட்டால் கலர் பின்னாலேயே வரும்.

ஆறாவது பக்கத்தில் ஒரு தப்பு இருக்கிறது. மூக்கின் நிழல் ஒரு பக்கம் விழுகிறது, கையின் நிழல் இன்னொரு பக்கம். ரொம்ப நேரம் உட்கார்ந்து வரைந்திருக்கிறாள், அதற்குள் வெயில் திரும்பிவிட்டது. சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது, சிலைதான் நமக்காக அசையாமல் நிற்கும். முதல் ஐந்து நிமிடத்திலேயே நிழல்களின் எல்லையைக் கோடு போட்டுக்கொண்டு, அப்புறம் நிழல் எங்கே ஓடினாலும் துரத்தாமல் இருக்கச் சொல்லுங்கள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் எல்லை தெளிவாகத் தெரியும். அந்தப் பக்கத்தைக் கிழிக்க விடாதீர்கள்.

சரி, வேலை. சிலை ஸ்கெட்ச் மட்டும் சம்பளம் தராது, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் இந்தக் கண் தேவைப்படுகிற வேலைகள் உண்டு. அனிமேஷன், சினிமாவுக்கு ஸ்டோரிபோர்டு, அதாவது படமாக்கும் முன் காட்சிகளைக் கட்டம் கட்டமாக வரைபவர்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில்தான் காட்சியை அமைக்கிறார்கள். கம்ப்யூட்டரில் உருவங்களை வடிக்கும் முப்பரிமாண மாடலிங்கில் உருவம் சரியாக வந்திருக்கிறதா என்று முதலில் வெறும் சாம்பல் நிறத்தில் வைத்துத்தான் பார்ப்பார்கள். அகழாய்வில் கிடைக்கும் பொருள்களை மையால் வரைந்து பதிவு செய்யும் வேலையும் இருக்கிறது. அதில் வெளிச்சம் இடது மேல் மூலையிலிருந்து விழுவதாக வைத்துக்கொண்டு வரைவது வழக்கம். வாய்ப்புகள் குறைவான துறை, பொறுமைசாலிகளுக்கு ஏற்றது.

இதில் அவளுக்கு எது என்பதற்கும் அந்த எட்டுப் பக்கங்களிலேயே துப்பு இருக்கிறது. ஐந்து பக்கங்களில் இருப்பது ஒரே சிலை. முன்னால், பக்கவாட்டில், முதுகுப் பக்கம், கீழே உட்கார்ந்து அண்ணாந்து பார்த்து என்று சுற்றிச் சுற்றி வந்திருக்கிறாள். கோட்டின் அழகில் மயங்குகிற பிள்ளை ஒரே இடத்தில் உட்கார்ந்து இழைத்துக்கொண்டிருக்கும். இவள் உருவத்தைத் தேடுகிறாள். என் கணிப்பில், ஓவியப் பிரிவைவிடச் சிற்பமோ முப்பரிமாண மாடலிங்கோ இவளுக்குப் பொருந்தும்.

கல்லூரிக்கு அனுப்பும் போர்ட்ஃபோலியோவில், அதாவது படைப்புத் தொகுப்பில், அந்த ஐந்தையும் வரிசையாக வைக்கட்டும். பாதியில் நின்ற படங்களும் இருக்கட்டும், ஆசிரியர்கள் அவற்றில்தான் யோசனையைப் பார்ப்பார்கள். போட்டோவைப் பார்த்து வரைந்தவை வேண்டாம். விண்ணப்ப விதியில் கலர் கேட்டிருந்தால் மட்டும் இரண்டு மூன்று சேர்க்கலாம்.

இப்போதைக்குப் பெயின்ட் பெட்டி வாங்காதீர்கள். ஒரு கிலோ களிமண் வாங்கிக் கொடுங்கள். அந்த ஐந்து படங்களை மட்டும் வைத்துக்கொண்டு அதே சிலையைக் கையளவில் பிடித்துப் பார்க்கட்டும். எந்தப் பக்கம் வரவில்லை என்று அவளே சொல்வாள், அதை எனக்கு எழுதுங்கள்.