அண்டத்தைக் கேட்கப் போனால் அண்டங்காக்கை: ஈர்ப்பலைகள் கேள்வி பதில்

ஈர்ப்பலைகளைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். பாதிப்பேர் கருந்துளைக்குள் விழுந்தால் என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள். அது தனிக் கதை, இன்னொரு நாள் பார்ப்போம். தேடலைப் பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் இன்று பதில்.

ஐயா, ஈர்ப்பலை என்றால் என்ன? ஒரு பத்திக்குள் சொல்ல முடியுமா? (பதினொன்றாம் வகுப்பு மாணவி)

நிறையுள்ள பொருள் தன்னைச் சுற்றியுள்ள காலவெளியை (காலமும் வெளியும் சேர்ந்த பரப்பை) வளைக்கிறது என்கிறது ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல். கனமான இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று வேகமாகச் சுற்றினால், அந்த வளைவில் எழும் அதிர்வு ஒளியின் வேகத்தில் வெளியே பரவும். அது கடந்துபோகும்போது ஒரு திசையில் தூரம் நீளும், குறுக்குத் திசையில் சுருங்கும். பிறகு இரண்டும் இடம் மாறும். இப்போதுகூட உங்கள் ஊடாக அது போய்க்கொண்டிருக்கிறது. ஒன்றும் ஆகாது, கவலைப்படாமல் படியுங்கள்.

ஐன்ஸ்டைனே இதை நம்பவில்லை என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

ஒரு கட்டத்தில் நம்பவில்லை என்பது உண்மை. 1916-இல் அவரே முன்மொழிந்தார். 1936-இல், உதவியாளர் ரோசனுடன் சேர்ந்து, அப்படி அலைகளே இல்லை என்று ஒரு கட்டுரை எழுதி 'பிசிகல் ரிவியூ' இதழுக்கு அனுப்பினார். இதழாசிரியர் அதை வேறொருவரிடம் கொடுத்துச் சரிபார்த்ததும் ஐன்ஸ்டைனுக்குக் கோபம் வந்து கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். சரிபார்த்தவர் ராபர்ட்சன் என்ற இயற்பியலர். பிழை இருக்கிறது என்று அவர் எழுதியது சரிதான். கட்டுரை கடைசியில் வேறோர் இதழில் வெளிவந்தபோது முடிவு தலைகீழாக மாறியிருந்தது.

வெபர் என்பவர் 1969-லேயே கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்கிறார்களே. அவரை ஏன் ஒதுக்கினார்கள்?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் ஜோசப் வெபர் பெரிய அலுமினிய உருளை ஒன்றைத் தொங்கவிட்டார். அதன் இடுப்பைச் சுற்றி, அதிர்வை மின்னழுத்தமாக மாற்றும் படிகங்களை ஒட்டினார். மணியைத் தட்டினால் ஒலிப்பதுபோல, சரியான அதிர்வெண்ணில் ஈர்ப்பலை வந்தால் உருளை லேசாக அதிரும் என்பது கணக்கு. ஓர் உருளை மட்டும் இருந்தால் எது அதிர்ந்தது, எதனால் அதிர்ந்தது என்று தெரியாது. அதனால் சுமார் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, சிகாகோ அருகே இன்னொன்றை வைத்தார். இரண்டும் ஒரே கணத்தில் அதிர்ந்தால்தான் கணக்கில் சேரும். 1969-இல் அப்படிப் பல முறை நடந்துவிட்டதாக அறிவித்தார்.

உலகமே அதைச் செய்து பார்க்கக் கிளம்பியது. மாஸ்கோ, கிளாஸ்கோ, மியூனிக், அமெரிக்காவின் பெல் ஆய்வகம் என எங்கும் உருளைகள் தொங்கின. யாருக்கும் எதுவும் கிடைக்கவில்லை. வெபர் சொன்ன அளவுக்கு அலைகள் வருகின்றன என்றால், நம் பால்வீதி தன் நிறையை அலையாக இழந்து நம்ப முடியாத வேகத்தில் கரைந்துகொண்டிருக்க வேண்டும் என்ற சிக்கல் வேறு.

அவரைச் சாய்த்தது ஒரு கடிகாரம். அமெரிக்காவின் ராச்செஸ்டரில் உருளை வைத்திருந்த இன்னொரு குழுவின் பதிவுகளோடு தன் பதிவுகளை ஒப்பிட்டு, அங்கும் ஒரே நேர அதிர்வுகள் உண்டு என்று வெபர் காட்டினார். ஒரு குழு உள்ளூர் நேரத்தில் பதிந்திருந்தது, இன்னொரு குழு கிரீன்விச் நேரத்தில். அவர் 'ஒரே கணம்' என்று காட்டியவற்றுக்கு இடையே நான்கு மணி நேர வித்தியாசம். தேடுகிறவன் மனத்தில் முடிவு முன்பே இருந்தால் இரைச்சலிலும் அது கேட்கும்.

ஆனாலும் அவரை ஏமாற்றுக்காரர் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பேனாவும் தாளுமாக இருந்த விஷயத்தைப் பட்டறைக்குக் கொண்டுவந்தவர் அவர். ஒரு வழிமுறையையும் விட்டுப்போனார். அது கீழே வருகிறது.

2015-க்கு முன் ஆதாரமே இல்லையா?

அலையை நேரடியாகப் பிடித்தது 2015-இல்தான். அதற்கு முன் மறைமுகமாக உண்டு. 1974-இல் ஹல்ஸ், டெய்லர் இருவரும் அரெசிபோ தொலைநோக்கியில் ஓர் இரட்டை நியூட்ரான் விண்மீனைக் கண்டார்கள். (நியூட்ரான் விண்மீன் என்பது பெரிய விண்மீன் வெடித்தபின் மிஞ்சும், மிக அடர்த்தியான உள்ளகம். இங்கே அப்படி இரண்டு ஒன்றையொன்று சுற்றுகின்றன.) ஒரு சுற்றுக்கு 7.75 மணி நேரம். அந்த நேரம் ஆண்டுக்குச் சுமார் 76 மைக்ரோநொடி குறைந்துகொண்டே வருகிறது. ஈர்ப்பலைகள் எவ்வளவு ஆற்றலைக் கொண்டுபோக வேண்டுமோ, அதற்கு இது பொருந்துகிறது. 1993-இல் நோபல் கிடைத்தது.

லைகோவில் லேசர் வைத்து அளக்கிறார்கள். காலவெளியே நீண்டால் ஒளியின் அலைநீளமும் கூட நீளுமே, அப்புறம் எதைக் கொண்டு எதை அளப்பது? (பொறியியல் மாணவர்)

நல்ல சந்தேகம் தம்பி. மற்றவர்களுக்காக: லைகோ என்பது அமெரிக்காவில் ஹான்ஃபோர்டு, லிவிங்ஸ்டன் என்ற இரண்டு இடங்களில் உள்ள ஈர்ப்பலை நிலையங்கள். ஒவ்வொன்றிலும் செங்குத்தாகச் சேரும் இரண்டு நீண்ட குழாய்கள், அதாவது 'கைகள்', உண்டு. அவற்றுக்குள் லேசர் ஒளி ஓடி, கண்ணாடியில் பட்டுத் திரும்பும். அலை வந்த நேரத்தில் குழாய்க்குள் இருந்த ஒளி நீள்வது மெய்தான். ஆனால் லேசர் நிற்காமல் புது ஒளியை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. 4 கிலோமீட்டர் கையில் ஒளி ஒருமுறை போய்த் திரும்ப 27 மைக்ரோநொடிதான் ஆகும். பின்னால் வரும் ஒளி பழைய அலைநீளத்துடனேயே, நீண்ட ஒரு கையிலும் சுருங்கிய ஒரு கையிலும் ஓட வேண்டியிருக்கிறது. அலையின் உச்சிகள் ஒரு கையிலிருந்து கொஞ்சம் பிந்தியும் மற்றதிலிருந்து முந்தியும் வந்து சேர்கின்றன. ஆக, கருவி கவனிப்பது வந்துசேரும் நேரத்தை. வித்தியாசம் எவ்வளவு? முதல் அலையில், ஒரு புரோட்டானின் விட்டத்தில் சில நூறில் ஒரு பங்கு.

அவ்வளவு நுண்மை என்றால் பக்கத்தில் லாரி போனாலே போதாதா?

போதும். ரயில், காற்று, தொலைதூர நிலநடுக்கம், கடலலை எல்லாமே தொல்லைதான். அதனால்தான் 40 கிலோ கண்ணாடிகளை நான்கடுக்கு ஊசலில், மெல்லிய சிலிக்கா இழைகளில் தொங்கவிட்டிருக்கிறார்கள். 2017-இல் ஹான்ஃபோர்டு நிலையத்தில் விளங்காத ஒரு துடிப்பு வந்துகொண்டிருந்தது. போய்ப் பார்த்தால், நைட்ரஜன் குளிர்குழாயில் படிந்த பனிக்கட்டியை அண்டங்காக்கைகள் கொத்திக்கொண்டிருந்தன. பாவம், வெயிலில் தாகம். குழாய்க்கு உறை போட்டார்கள்.

அப்படியானால் 2015-இல் கேட்டது காக்கை இல்லை என்று எப்படித் தெரியும்?

செப்டம்பர் 14, 2015. ஹான்ஃபோர்டும், 3,000 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் லிவிங்ஸ்டனும் ஒரே வடிவத் துடிப்பை 7 மில்லிநொடி இடைவெளியில் பதிந்தன. காக்கையால் அது முடியாது. மனிதர்களால் முடியும், அதுதான் பயம்.

ஏனென்றால் 2010-இல் லைகோ நிர்வாகமே ஒரு பொய் அலையை ரகசியமாகக் கருவிக்குள் நுழைத்தது, குழு விழிப்பாக இருக்கிறதா என்று பார்க்க. 'பெரிய நாய்' என்று செல்லப் பெயர் வைத்து, மாதக்கணக்கில் ஆராய்ந்து, கட்டுரையும் எழுதி முடித்த பிறகுதான் உறையைப் பிரித்து உண்மையைச் சொன்னார்கள். அதனால் 2015-இலும் பலரின் முதல் கேள்வி, 'இதுவும் நீங்கள் போட்டதா?' என்பதுதான். இல்லை என்று உறுதியான பிறகே நம்பத் தொடங்கினார்கள்.

அடுத்து, தற்செயலாக இருக்குமா? இங்கேதான் வெபர் திரும்ப வருகிறார். ஒரு நிலையத்தின் பதிவை வேண்டுமென்றே சில நொடிகள் தள்ளிவைத்து மற்றதோடு ஒப்பிட வேண்டும். அப்போது பொருந்துவதெல்லாம் தற்செயல்தான், ஏனென்றால் உண்மை அலை அவ்வளவு பிந்தி வராது. இந்த உத்தியை இத்துறையில் கையாண்ட முன்னோடி வெபர்தான். 16 நாள் பதிவை இப்படித் திரும்பத் திரும்பத் தள்ளிப் பார்த்ததில், இத்தகைய தற்செயல் 2 லட்சம் ஆண்டுகளுக்கு ஒருமுறைகூட வராது என்று கணக்கு சொன்னது. 130 கோடி ஒளியாண்டு தொலைவில், சூரியனைப்போல் 36 மடங்கும் 29 மடங்கும் நிறையுள்ள கருந்துளைகள் இணைந்து 62 மடங்காகின. மீதி 3 சூரியன் நிறை அலையாகப் போய்விட்டது. அறிவிப்பு 2016 பிப்ரவரி 11-இல்தான் வந்தது. ஐந்து மாதம் வாயைக் கட்டியிருந்தது பெரிய காரியம்!

இந்தியாவில் இன்னொன்று எதற்கு? அமெரிக்காவில் இருப்பது போதாதா?

இரண்டு காதுகளை வைத்துத் திசையைச் சரியாகச் சொல்ல முடியாது. 2015-இல் வானில் சுமார் 600 சதுர பாகை, அதாவது ஏறக்குறைய மூவாயிரம் முழுநிலவுகள் கொள்ளும் பரப்பு, எங்கே தேடுவது? 2017 ஆகஸ்டில் இத்தாலியின் விர்கோ ஈர்ப்பலை நிலையமும் சேர்ந்ததால், நியூட்ரான் விண்மீன் மோதல் ஒன்றை 28 சதுர பாகைக்குள் அடக்கினார்கள். தொலைநோக்கிகள் அந்த வெளிச்சத்தைக் கண்டும் பிடித்தன. மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் அமையவிருக்கும் லைகோ-இந்தியாவுக்கு 2023-இல் சுமார் 2,600 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். அமெரிக்க நிலையங்களிலிருந்து வெகு தொலைவில் இருப்பதே அதன் பலம்.

பல்சார்களை வைத்தும் கண்டுபிடித்துவிட்டார்களாமே?

'கண்டுபிடித்துவிட்டார்கள்' என்று அவர்களே சொல்லவில்லை. ஓர் அலை கடக்கவே பல ஆண்டுகள் ஆகும் மிக மெதுவான அலைகள் அவை. அதனால் பல்சார்களின், அதாவது சுழன்றுகொண்டே சீராகத் துடிக்கும் நியூட்ரான் விண்மீன்களின், துடிப்பையே கடிகாரமாக்கி ஆண்டுக்கணக்கில் கவனிக்கிறார்கள். புணே அருகிலுள்ள ராட்சத மீட்டர் அலைத் தொலைநோக்கியும் இதில் பங்கு பெற்றது. 2023 ஜூனில் பல நாட்டுக் குழுக்கள் ஒன்றாக வெளியிட்ட கட்டுரைகளில் 'சான்று' என்ற சொல்லோடு நிறுத்திக்கொண்டார்கள். நான்கு மணி நேரக் கதை அவர்களுக்கும் தெரியும்.