பூஞ்சை இருக்கட்டும், விலையைச் சொல்லுங்கள்

திருப்பூர் வாசகர் ஒருவரின் கடிதம்: இணைய விளம்பரம் பார்த்து, தனிநபர் ஒருவரிடம் ஹாசல்பிளாட் 500 சி/எம் கேமராவை 80 மி.மீ. லென்ஸ், ஃபிலிம் மேகசினோடு (ஃபிலிம் ஏற்றும் பெட்டி) 32,000 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறார். வீட்டுக்கு வந்தபின் ஷட்டர் சிக்குகிறது, லென்ஸுக்குள் பூஞ்சை. "எல்லாம் பக்கா" என்று வாட்ஸ்அப்பில் எழுதி, அம்மா மேல் சத்தியமும் செய்தவர் இப்போது பிளாக் செய்துவிட்டாராம். மோசடிப் புகாரின் வரைவையும் அனுப்பியிருக்கிறார்.

சத்தியத்துக்குச் சட்டத்தில் மதிப்பில்லை, விடுங்கள். நுகர்வோர் ஆணையமும் வேண்டாம். வீட்டிலிருந்த ஒரு பழைய கேமராவை விற்றவரை வணிகர் என்று நிறுவுவது கஷ்டம். கைமாற்றி விற்கும் எண்ணத்தில் வாங்கியதாகத் தெரிந்தால் நீங்களும் நுகர்வோர் இல்லை. மிஞ்சுவது அந்த "பக்கா" மட்டும். அதை வைத்து சிவில் வழக்கு போடலாம்தான். ஆனால் டீக்கடையில் அரை மணி நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் வாங்கினேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். டார்ச் அடித்தால் தெரிகிற பூஞ்சைக்கு 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம் பெரிதாகக் கைகொடுக்காது.

என்னைக் கவலைப்பட வைத்தது உங்கள் வரைவின் இரண்டாவது பத்திதான். "ஒன்றரை லட்சம் போகும் கேமரா, அவருக்கு விலை தெரியவில்லை என்று புரிந்ததும் உடனே பணம் கொடுத்தேன்." நஷ்டத்தைப் பெரிதாகக் காட்ட எழுதியிருக்கிறீர்கள். இன்னொரு இடத்தில், அடித்தகட்டில் ஏதோ ஸ்டுடியோ பெயரைச் சுரண்டிய தடம் இருக்கிறது என்கிறீர்கள். இரண்டையும் சேர்த்துப் படிக்கும் இன்ஸ்பெக்டர் ஷட்டரைப் பற்றிக் கேட்கமாட்டார். திருட்டுப் பொருள் என்று நம்பக் காரணம் இருந்தும் வாங்கினால் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 317-இன் கீழ் 3 ஆண்டு வரை சிறை. "நம்பக் காரணம்" என்பதற்கு அரசுத் தரப்பு முதலில் தூக்கிக் காட்டுவது அடிமாட்டு விலையைத்தான்.

வழக்கு அந்தளவுக்குப் போகாமலும் இருக்கலாம். கேமரா போய்விடும். என்னிடம் வந்த ஒருவர் இப்படித்தான் லென்ஸ் பழுது என்று புகார் கொடுத்தார். லென்ஸ் சாக்குப் பையில் கட்டி, அரக்கு முத்திரையோடு காவல் நிலையத்தின் சொத்து அறைக்குப் போனது. பின்னால் உண்மையான உரிமையாளர் வந்து, பிணைப்பத்திரம் எழுதிக் கொடுத்து வாங்கிக்கொண்டு போனார். திருடனிடம் வாங்கியவருக்கு உரிமையே வராது, நல்லெண்ணத்தோடு வாங்கியிருந்தாலும்.

அதனால் சமரசமாகப் போங்கள். விற்றவரின் முகவரிக்கு நோட்டீஸ் அனுப்பலாம். அதில் பழுதும் "பக்கா"வும் மட்டும் இருக்கட்டும், கேமரா என்ன விலை போகும் என்ற பேச்சே வேண்டாம். சர்வீஸ் செலவு என்று பத்தாயிரம் தந்தால்கூட வாங்கிக்கொள்ளுங்கள். பணத்தைவிட முக்கியம் ஒரு ரசீது: பாடி, லென்ஸ், மேகசின் மூன்றின் எண்களும், கேமரா அவரிடம் எப்படி வந்தது என்பதும், அவர் கையெழுத்தும் அதில் இருக்க வேண்டும். ஹாசல்பிளாட் பாடியில் எண்ணுக்கு முன்னால் வரும் இரண்டு எழுத்துகள் தயாரித்த ஆண்டைக் குறிக்கும். 'தாத்தா 1965-இல் வாங்கியது' என்று அவர் கதை விட்டால் அங்கேயே மாட்டிக்கொள்வார். 500 சி/எம் வந்ததே 1970-இல்தான்.

ரசீதில் கையெழுத்துப் போடத் தயங்கினால் பேரத்தை அங்கேயே நிறுத்திவிட்டு, ஒரு வழக்கறிஞரோடு நீங்களாகவே காவல் நிலையம் போங்கள். 32,000 போனது போனதுதான்.

லென்ஸை மட்டும் கழற்றி விற்றுவிடலாமா என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். கூடவே கூடாது.