ஜீப் ஊளையிடுகிறதா? டிஃபரன்ஷல் வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: ஏறத்தாழ இருபது வருடப் பழமையான, ஜப்பானில் தயாரான டீசல் ஜீப் ஒன்றைச் சென்ற வருடம் வாங்கினேன். வழமையாகப் பின்சில்லுகளில் ஓடும். தேவையானபோது லீவரைப் போட்டு நான்கு சில்லுக்கும் இயக்கம் கொடுக்கலாம். முன்சில்லுகளின் நடுவில், சில்லை அச்சோடு இணைக்கவும் விடுவிக்கவும் கையால் திருப்பிப் பூட்டும் ஹப் உண்டு. அண்மைக் காலமாக மணிக்கு 50 கிலோமீற்றரைத் தாண்டியதும் ஊளையிடுவது போன்ற சத்தம் கேட்கிறது. கராஜில் ஒரு சுற்று ஓடிப் பார்த்துவிட்டு, பின் டிஃபரன்ஷலை (பின் அச்சின் நடுவிலிருந்து இரு சில்லுகளுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரப் பெட்டியை) மாற்ற வேண்டும், கொழும்பின் உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் ரீகண்டிஷன் ஒன்று எடுத்துத் தருகிறோம் என்கிறார்கள். எடுக்கலாமா?
– வெள்ளவத்தை வாசகர்

பதில்: இப்போதைக்கு எடுக்க வேண்டாம். கராஜ்காரர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் டயர், சில்லுப் பெயாரிங், கியர் பெட்டி, விசையை முன், பின் அச்சுகளுக்கு அனுப்பும் டிரான்ஸ்ஃபர் பெட்டி, பின் டிஃபரன்ஷல், முன் டிஃபரன்ஷல் ஆகிய ஆறு இடங்களில் எதிலிருந்து வந்தாலும், உள்ளே அமர்ந்திருப்பவருக்கு இந்தச் சத்தம் ஏறத்தாழ ஒன்றாகவே கேட்கும். இடத்தை உறுதிசெய்யாமல் டிஃபரன்ஷலை மாற்றியவர்கள், காசையும் கொடுத்துவிட்டு அதே சத்தத்தோடு வீடு திரும்புவதை இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் தொடர்ந்து காண்கிறேன். இடத்தைக் கண்டுபிடிக்கும் வேலையில் பெரும்பகுதியை நீங்களே செய்யலாம். அதற்குக் கருவியும் வேண்டியதில்லை.

முதலில், சத்தம் எதனோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது என்று பாருங்கள். ஞாயிறு காலையில் நெரிசல் இல்லாத வீதியில் மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தை மாற்றாமல் வைத்துக்கொண்டு, மூன்றாம், நான்காம், ஐந்தாம் கியர்களில் மாறி மாறி ஓடுங்கள். எந்தக் கியரிலும் சத்தத்தின் சுருதி மாறவில்லை என்றால், அது கியர் பெட்டிக்குப் பின்னால் உள்ள ஏதோ ஒன்றிலிருந்து வருகிறது. எஞ்சினின் சுழற்சியோடு சுருதியும் மாறினால் டிஃபரன்ஷலுக்கு அதில் பங்கில்லை. கியர் பெட்டியையும், எஞ்சினின் முன்பக்கத்தில் பெல்ட் சுழற்றும் ஓல்டர்னேட்டர், பவர் ஸ்டியரிங் பம்ப் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். உங்கள் ஜீப் போன்ற ஐந்து கியர் வாகனங்கள் பெரும்பாலானவற்றில் நான்காம் கியர் நேரடிக் கியர்; அதில் விசை கியர் பெட்டியின் பற்சோடிகள் வழியாகப் போகாமல் நேராகவே வெளியே செல்லும். ஆகவே மற்றக் கியர்களில் ஊளையிட்டு நான்காம் கியரில் மாத்திரம் அடங்கினால், சந்தேகத்தைக் கியர் பெட்டியின் மேல் வையுங்கள்.

அடுத்தது டயர். சேற்று நிலத்துக்கான பெரிய கட்டை டயர் போட்ட ஜீப்புகளில் பலர் கியர் சத்தம் என்று நினைப்பது டயரின் சத்தமே. புதிதாகக் காபட் போட்ட வீதியிலிருந்து கரடுமுரடான வீதிக்கு மாறும்போது சத்தமும் மாறினால், அல்லது டயரில் காற்றைச் சற்றுக் கூட்டியதும் மாறினால், டயரைப் பாருங்கள். கியரின் பற்களுக்கு வீதி எதுவென்று தெரியாது. சில்லுப் பெயாரிங் தேய்ந்திருந்தால் வருவது ஊளையைவிடத் தாழ்ந்த, கரகரத்த இரைச்சல். அகலமான வெறும் வீதியில் மெதுவாக வலமும் இடமும் வளைத்து ஓடும்போது, பாரம் ஏறும் பக்கத்தில் அது கூடும். இடது பக்கம் திரும்பும்போது கூடினால் வலப்பக்கச் சில்லைச் சந்தேகியுங்கள்.

இவை இரண்டும் இல்லை என்று தெரிந்த பிறகே டிஃபரன்ஷலுக்கு வர வேண்டும். சத்தம் வரும் வேகத்தில், அக்சிலரேட்டரை அழுத்தி இழுக்கும்போது, காலை முழுதாக எடுத்து எஞ்சின் வாகனத்தைப் பிடிக்கும்போது, வேகம் கூடாமலும் குறையாமலும் மெல்ல அழுத்திப் பிடிக்கும்போது என மூன்று நிலைகளிலும் கேளுங்கள். கியர்ப் பல்லுக்கு இரண்டு முகங்கள் உண்டு; இழுக்கும்போது ஒன்றும், விடும்போது மற்றையதும் பாரம் தாங்கும். ஒரு நிலையில் மாத்திரம் ஊளையிட்டு மற்றதில் அடங்குவது பற்களின் தேய்வையோ, டிஃபரன்ஷலுக்குள் விசையைக் கொண்டுவரும் சிறிய பற்சக்கரமான பினியன் தன் இடத்திலிருந்து சற்று அசைவதையோ காட்டும். எல்லா நிலையிலும் ஒரே மாதிரி வந்தால் பெயாரிங் அல்லது ஒயில் குறைவு என்பதற்கே வாய்ப்பு அதிகம். நியூட்ரலுக்குப் போட்டு வாகனத்தை உருள விட்டும் கேட்கலாம். பின்னால் வாகனம் வராத இடத்தில் செய்யுங்கள், எக்காரணம் கொண்டும் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்த வேண்டாம், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளக்கூடும்.

கைத்தொலைபேசி வைத்திருப்பவர்கள் இன்னும் ஒரு படி மேலே போகலாம். சத்தத்தின் அதிர்வெண்ணைத் திரையில் காட்டும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. உதாரணமாக, பினியன் சுழற்றும் பெரிய பற்சக்கரமான கிரவுன் வீலில் 41 பற்களும் பினியனில் 10 பற்களும் உள்ள டிஃபரன்ஷல் என்று வைத்துக்கொள்வோம். டயரின் சுற்றளவு அண்ணளவாக 2.4 மீற்றர் என்றால், 60 கிலோமீற்றர் வேகத்தில் சில்லு செக்கனுக்கு ஏறத்தாழ 7 முறை சுழலும். ஒவ்வொரு சுற்றுக்கும் 41 பற்கள் பினியனோடு மோதுவதால் அந்த ஊளை 285 ஹேர்ட்ஸ் அளவில் இருக்கும். 80 கிலோமீற்றரில் 380. உங்கள் வாகனத்தின் கணக்கைப் போட்டு, பக்கத்தில் இருப்பவரைத் தொலைபேசியைப் பிடிக்கச் சொல்லுங்கள். திரையில் காணும் உச்சம் கணக்கோடு பொருந்தினால், அதைவிட நல்ல சாட்சி எந்தக் கராஜிலும் கிடைக்காது. கொட்டாவயில் ஏறி கஹதுடுவ வரை தெற்கு அதிவேக நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓடினால் இதைத் தெளிவாகப் பிடிக்கலாம்.

உங்களுடைய ஹப் பூட்டுகள் இன்னொரு வசதி. லீவர் பின்சில்லு நிலையிலும் ஹப்கள் திறந்தும் இருக்கும்போது முன் டிஃபரன்ஷல் சுழல்வதே இல்லை. லீவரைத் தொடாமல் ஹப்களை மாத்திரம் பூட்டி ஓடுங்கள். இப்போது முன்சில்லுகள் முன் டிஃபரன்ஷலைச் சும்மா சுழற்றும். புதிய சத்தம் ஒன்று சேர்ந்தால் அது முன்பக்கத்தது. இதைத் தார் வீதியில் தாராளமாகச் செய்யலாம். ஆனால் நான்கு சில்லு லீவரைக் காய்ந்த தார் வீதியில் போடக் கூடாது. வளைவுகளில் முன்னும் பின்னும் வெவ்வேறு தூரம் ஓட வேண்டிய சில்லுகள் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டு, டிரான்ஸ்ஃபர் பெட்டி முறுக்கேறிக் கெட்டுப்போகும். லேண்ட் ரோவர் டிஃபெண்டர் போன்ற முழுநேர நான்கு சில்லு வாகனங்களுக்கு இந்த வழி பொருந்தாது. அவற்றில் நடு டிஃபரன்ஷலைப் பூட்டி, டிரான்ஸ்ஃபர் பெட்டியிலிருந்து டிஃபரன்ஷலுக்கு விசையைக் கொண்டுபோகும் தண்டான புரொபெல்லர் ஷாஃப்ட்டை ஒரு பக்கத்தில் கழற்றி ஓட வேண்டும். அது கராஜின் வேலை.

பின் டிஃபரன்ஷல்தான் என்று தெரிந்தாலும் முதலில் ஒயிலைப் பாருங்கள். மேலே உள்ள நிரப்பும் போல்ட்டைக் கழற்ற முடிகிறதா என்று உறுதிசெய்த பின்னரே கீழ் போல்ட்டைத் திறக்கச் சொல்லுங்கள். ஒயிலை வடித்த பிறகு மேல் போல்ட் கழலாவிட்டால் ஜீப் அங்கேயே நிற்கும். கீழ் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை போல ஒட்டியிருப்பது சாதாரணத் தேய்மானம். விரலுக்குத் தட்டுப்படும் செதில்கள் பெயாரிங் உதிர்வதைக் காட்டும். பல்லின் துண்டு கிடந்தால் அந்த ஜீப்பை அதற்குமேல் ஓட்டவே கூடாது.

கடைசியாக ஒன்று: சத்தம் தொடங்குவதற்குச் சற்று முன்னர் ஒயில் கசிந்து, அதைத் தடுக்கும் பினியன் சீலை மாற்றினார்களா? பல வாகனங்களில் பினியன் பெயாரிங்குகளின் இறுக்கத்தை நசுங்கும் தன்மையுள்ள ஒரு குழாய்த் துண்டே நிர்ணயிக்கிறது. சீலை மாற்றிவிட்டு நட்டைக் கை வந்தபடி இறுக்கினால் அந்தத் துண்டு அளவுக்கு மீறி நசுங்கி, பெயாரிங் சூடேறி, சில வாரங்களில் ஊளை தொடங்கும். அப்படியானால் வேண்டியது புதிய பெயாரிங்குகளும் புதிய துண்டும் சரியான இறுக்கமுமே. முழு டிஃபரன்ஷல் அல்ல. பற்களே தேய்ந்திருந்தால் கிரவுன் வீலையும் பினியனையும் சோடியாகவே மாற்ற வேண்டும், ஏனெனில் அவை தொழிற்சாலையில் ஒன்றோடொன்று பொருத்தித் தேய்க்கப்பட்டவை. பொருத்துபவர் பற்களில் வண்ணம் பூசித் தொடும் தடத்தைப் பார்க்கிறாரா, பற்களுக்கிடையிலான இடைவெளியை டயல் கேஜில் அளக்கிறாரா என்று கேளுங்கள். அந்த இடைவெளி பல வாகனங்களில் 0.1 முதல் 0.2 மில்லிமீற்றர் அளவிலேயே இருக்கும். கையால் ஆட்டிப் பார்த்துச் சொல்லக்கூடிய அளவல்ல அது.

கேள்வி: மழைக்காலத்தில் கொலன்னாவப் பக்கம் வெள்ளத்துக்குள் ஓடினேன். சில வாரங்களின் பின் பின்பக்கத்தில் ஊளை. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?
– வெல்லம்பிட்டி வாசகர்

பதில்: பெரும்பாலும் உண்டு. ஓடிச் சூடேறிய டிஃபரன்ஷல் குளிர்ந்த நீரில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். அச்சின் மேலுள்ள மூச்சுக் குழாய் சேற்றால் அடைபட்டிருந்தால், அல்லது அதன் வாய் நீருக்குள் அமிழ்ந்தால், உள்ளே நீர் இழுக்கப்படும். ஒயில் பால் கலந்த தேநீர் நிறத்தில் வந்தால் ஐயமே வேண்டாம். உடனே வடித்துப் புதிய ஒயில் ஊற்றி, சிறிது தூரம் ஓடியபின் மீண்டும் ஒருமுறை மாற்றுங்கள். கியர் பெட்டி, டிரான்ஸ்ஃபர் பெட்டி, முன் டிஃபரன்ஷல் ஆகியவற்றின் ஒயிலையும் அப்போதே பாருங்கள். அதன் பிறகும் ஊளை இருந்தால் துரு பெயாரிங்கைத் தின்றுவிட்டது என்று பொருள். மூச்சுக் குழாயை ரப்பர்க் குழாயால் நீட்டி எஞ்சின் பகுதிக்குள் உயர்த்தி வைப்பது சிறிய செலவு; வெள்ளம் வரும் பகுதியில் வாழும் ஜீப்காரர் எவரும் அதைத் தள்ளிப்போடக் கூடாது.

கேள்வி: தடித்த ஒயில் ஊற்றினால் ஊளை நிற்கும் என்கிறார்களே?
– கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: சத்தம் குறையும், தேய்வு நிற்காது. விற்பதற்கு முன் சத்தத்தை மறைக்கவும் இதைச் செய்வார்கள். ஆகவே பழைய ஜீப் வாங்கப் போகிறவர்கள் குறைந்தது அரை மணி நேரமாவது ஓடி, ஒயில் சூடேறிய பின்னர் கேட்க வேண்டும். கையேட்டில் சொல்லப்பட்ட தடிப்பையும் தரத்தையும் மாற்ற வேண்டாம். டிஃபரன்ஷலின் ஹைப்பொயிட் பற்களுக்கு (பினியன் கிரவுன் வீலின் மையத்திலிருந்து விலகி நிற்கும் அமைப்பு) வழமையாகக் கியர் ஒயிலின் தரக் குறியீடுகளில் ஜி.எல்.-5 வேண்டும். கியர் பெட்டிக்கு ஜி.எல்.-4 கேட்கப்பட்டிருந்தால் அங்கே ஜி.எல்.-5 ஊற்றக் கூடாது. அதிலுள்ள கூடுதலான கந்தகச் சேர்மானங்கள் கியர் மாறும்போது சுழற்சி வேகங்களைச் சமப்படுத்தும் பித்தளை சின்க்ரோ வளையங்களை அரிக்கக்கூடும். வழுக்கலைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷலுக்கு அதற்கென்றே உள்ள ஒயில் வேண்டும்.

கேள்வி: கராஜ் ஒன்றின் மூலம் ரீகண்டிஷன் டிஃபரன்ஷல் பொருத்தினேன். இரண்டு வாரத்தில் மீண்டும் ஊளை. பழைய சாமான், பொறுப்பில்லை என்கிறார்கள்.
– தெஹிவளை வாசகர்

பதில்: முதலில் பல் விகிதம் பழையதோடு ஒத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். முன்பக்கம் 4.1 ஆகவும் பின்பக்கம் 4.3 ஆகவும் இருக்கும் ஜீப்பில் நான்கு சில்லு லீவரைப் போட்டால் வேறு பழுதுகளும் தொடங்கும். சில்லுகளை உயர்த்தி, அச்சு எத்தனை முறை சுற்றும்போது புரொபெல்லர் ஷாஃப்ட் எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணினாலே விகிதம் தெரிந்துவிடும்.

பிறகு பற்றுச்சீட்டை எடுத்துப் பாருங்கள். பொருளின் விபரம், விலை, திகதி, உத்தரவாதம் எல்லாம் அதில் இருந்தால் உங்கள் நிலை வலுவானது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, கேட்டால் பற்றுச்சீட்டு தர வேண்டியது வியாபாரியின் கடமை. இதுவரை வாங்கவில்லை என்றால் இன்றே கேளுங்கள். பொருள் அல்லது சேவை பற்றிய முறைப்பாட்டை, வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் அதிகார சபைக்குக் கொடுக்க வேண்டும். 1977 என்ற இலக்கத்தில் விபரம் கேட்கலாம், ஆனால் அழைப்பு எழுத்து முறைப்பாட்டுக்கு ஈடாகாது. வேறொரு கராஜில் ஒயிலை வடித்து, காந்தத்தில் ஒட்டியிருப்பதைப் படம் பிடித்து, அவர்களது எழுத்து அறிக்கையையும் சேர்த்து அனுப்புங்கள். அதுவரை அந்த டிஃபரன்ஷலை யாரும் பிரிக்க விடாதீர்கள். பிரித்துவிட்டால் பழுது யாரால் வந்தது என்று காட்டுவது கடினமாகிவிடும்.